ரேடியோவில் அழுத குழந்தை

அந்தப் படத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. காதால் கேட்டதுதான். அதையும் முழுசாகக் கேட்க விடவில்லை பாவிகள். இப்போதுள்ள பிள்ளைகளிடம் 'படம் கேட்டேன்' என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று ஒன்று போடுவார்கள். சினிமாவிலிருந்து பேச்சையும் பாட்டையும் சத்தத்தையும் மட்டும் எடுத்து, வெட்டி ஒட்டி, ஒரு மணி நேரத்துக்குள் அடக்கித் தருவார்கள். யார் எப்படி இருக்கிறார்கள், கையில் கத்தியா கரண்டியா என்பதெல்லாம் நம் பாடு. சண்டைக் காட்சி வந்தால் அடித்தது யார், விழுந்தது யார் என்று கேட்கிறவர்களுக்குள் தனியாக ஒரு சண்டை நடக்கும்.

பெருநகர் என்கிற கிராமத்தில் எங்கள் அம்மா வீட்டில் ரேடியோ இருந்தது. சனிக்கிழமையே பேட்டரிக் கட்டைகளை எடுத்து அப்பா வெயிலில் காயவைத்துவிடுவார். காய்ந்தால் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆனி மாதம் அது. விதைக்கு வேர்க்கடலை உரிக்க வேண்டியிருந்ததால் கூடத்தில் மூட்டையைக் கொட்டி, அம்மாவும் பெரியம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா என்றால் அம்மாவின் கூடப் பிறந்தவள், பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். எதிர்வீட்டு அக்கா உறவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அவளில்லாமல் நடக்காது. நான் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, கை நிறைய வளையலோடு, உரித்த பருப்பில் நோஞ்சானைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஏழு மாதம்.

அது எனக்கு இரண்டாவது. பொதுவாகத் தலைப்பிரசவத்துக்குத்தான் அம்மா வீட்டுக்கு அழைத்து வருவார்கள். ஆனால் முதல் குழந்தை தங்காததால் இதைத்தான் தலைச்சனாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் மாமியார் சொல்லிவிட்டார். எண்ணிக்கையிலிருந்தே அந்தக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். வளைகாப்பு மறுபடியும் போட்டு, என் புருஷன் ஊரான புள்ளலூரிலிருந்து பஸ் மாறி என்னை அதே வீட்டுக்கு, அதே உள்ளறைக்குக் கூட்டிவந்தார்கள். அந்த அறைக்குள் போகவே எனக்குப் பயம்.

ஏனென்றால் முதல் குழந்தை அந்த அறையில் பிறந்தபோது நான் அதன் அழுகையைக் கேட்டேன். ஒரே ஒரு அழுகை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கோபம். அதற்குப் பிறகு மயக்கமாகிவிட்டேன். கண் விழித்தபோது பக்கத்தில் குழந்தை இல்லை. அது செத்தே பிறந்தது என்று அன்று சாயங்காலம் சொன்னார்கள். 'அழுததே, நான் கேட்டேனே' என்றேன். மயக்கத்தில் அப்படித்தான் காதில் கேட்கும் என்று மருத்துவச்சி சொன்னாள். அம்மாவும் அப்படியே சொன்னாள். எல்லோரும் சொன்னார்கள்.

சரி, பிரமைதான் என்று நானும் வைத்துக்கொண்டிருந்தால் தொல்லையில்லை. ஆனால் அந்தச் சத்தம் என்னை விடவில்லை. புள்ளலூரில் கிணற்று ராட்டினம் கத்தினால் அதே அழுகை. பட்டப்பகலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கோ வரப்பில் கட்டின தூளியிலிருந்து ஒரு பிள்ளை அழுதால், கையில் இருந்த நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். என் மாமியார் நல்லவர்தான், ஆனால் பயந்துவிட்டார். பூசாரியிடம் கூட்டிப்போய் தாயத்து கட்டினார். பிரமை பிடித்த மருமகள் என்று எனக்குப் பெயர் வந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல நானும் நம்பினேன். இல்லாததைக் கேட்கிற காது என் காது என்று எனக்கே தீர்மானமாகிவிட்டது. அதனால் வயிற்றில் இருப்பதை நினைத்து ராத்திரி பகல் ஒரே பயம். இது நிஜமாகவே பிறந்து நிஜமாகவே அழுதால், அது நிஜம் என்று எனக்கு எப்படித் தெரியும்? 'இதுவும் பிரமைதான்' என்று நான் சும்மா படுத்திருந்துவிட்டால்? இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு தாயத்து.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போட்டார்கள். பழைய படம், பேய்ப்படம் மாதிரி, ஆனால் பேய் கிடையாது. மலையில் ஒரு பெரிய பங்களா. புதுசாகக் கல்யாணமாகி ஒருத்தி அங்கே வருகிறாள். மாடியில் பூட்டின அறை ஒன்று. அதற்குள்ளிருந்து அவளுக்கு ஒரு குழந்தை அழுவது கேட்கிறது. புருஷனைக் கேட்கிறாள், இந்த வீட்டில் குழந்தையே இல்லையே என்கிறான். வேலைக்காரனைக் கேட்கிறாள், காற்று அம்மா என்கிறான். டாக்டர் வந்து மனசுதான் காரணம் என்று மாத்திரை கொடுக்கிறார்.

எனக்குக் கையில் இருந்த பருப்பு கீழே விழுந்தது. ஐயோ, இது என்ன, என் கதையை ஊர் பூராவும் கேட்க ரேடியோவில் சொல்கிறார்களே என்று இருந்தது.

எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "அட, உன்ன மாதிரியே கீதுடி!" என்றாள்.

"நீ கம்னு கடலய உரி" என்று அம்மா அவளை ஒரு முறை முறைத்தாள்.

அந்தக் குழந்தைச் சத்தம் வரும்போதெல்லாம் நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்கும் கேட்கிறதா என்று தெரிய வேண்டுமே எனக்கு. கேட்டது. பெரியம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். அதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல். எல்லோருக்கும் கேட்கிறதென்றால் உள்ளே குழந்தை இருக்கிறது. அவள் பைத்தியமில்லை. அவள் பைத்தியமில்லை என்றால்... அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. படத்தில் அந்த அறையைத் திறந்து பார்த்துவிட்டால் போதும், என் விஷயமும் தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பயத்தில் இருப்பவளுக்கு வேறு எதைப் பிடித்துக்கொள்ளத் தெரியும்?

கடைசிக் கட்டம் வந்தது. பேச்சே இல்லை. மழை பெய்கிற சத்தம். மரப்படியில் அவள் ஏறுகிற சத்தம், டொக், டொக். நடுவில் ஒரு பல்பொடி விளம்பரம் வேறு, அவன் பல் விளங்காமல் போக. மறுபடி மழை. சாவி திரும்பியது. கதவு கிரீச்சென்று திறந்தது. குழந்தை அழுகை திடீரென்று பக்கத்தில், கூடத்துக்குள்ளேயே, என் மடியிலேயே அழுகிற மாதிரி கேட்டது. "ஐயோ!" என்று நான் கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். அம்மா பாய்ந்து வந்து ரேடியோவைத் திருகி அணைத்தாள்.

"புள்ளத்தாச்சி கேக்கறதா இதெல்லாம்? வயித்துல கீறதுக்கு ஆவாது!"

"போடும்மா! இன்னாச்சின்னு கேக்கணும்!"

"ஒண்ணியும் ஆவல. எயுந்து போய் மொகம் கயுவு."

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி டின்னுக்குள் வைத்து மூடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற இரண்டு பேரும் சும்மா இருந்தார்களா? மடியில் கிடந்த கடலைத் தோலை உதறிப் போட்டுவிட்டு, எதிர்வீட்டு ரேடியோவில் முடிவைக் கேட்க ஒரே ஓட்டம். பெரியம்மா அந்த வயசில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் வாசலுக்கு வந்து நின்றேன். தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. ஆணா பெண்ணா என்று கூடத் தெரியவில்லை. பிறகு மேளம் மாதிரி இசை. பிறகு ஒன்றுமில்லை.

அவர்கள் இருவரும் திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து கடலையை அள்ளினார்கள்.

"இன்னா பெரிம்மா, உள்ள இன்னா இருந்துச்சி?" என்றேன்.

பெரியம்மா தொண்டையைச் செருமினாள். "பூனடி. மாடில பூன குட்டி போட்டு வெச்சிக்கீது. அதான் அப்டி கத்திக்கினு இருந்துச்சி. சொம்மா நம்மள பேஜார் பண்ணிட்டான்."

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அதுவா? டேப்ரிக்கார்டருடி. சொத்துக்காவ அந்தப் புருசங்காரன் வெச்ச வேல. போலீஸ் வந்து இஸ்துக்கினு போய்ட்டாங்கோ" என்று குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ராத்திரி சோறு போடும்போது நான் கேட்காமலேயே அம்மா சொன்னாள்: "நெசமான கொயந்ததான் கீது உள்ள. யாரோ பெத்தது. அவளே எடுத்து வளக்கறா. நல்ல முடிவுதான், நீ துன்னு."

அம்மா அந்த முடிவைக் கேட்கவே இல்லை. அரிசி டின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

வேறு எவளாவது இருந்தால் சிரித்திருப்பாள். கர்ப்பிணி பயப்படக்கூடாது என்று ஆளுக்கொரு நல்ல முடிவு கட்டிவிட்டிருக்கிறார்கள், முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அவ்வளவுதானே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மூன்று முகங்களையும் இதேபோல் நான் முன்பு ஒரு நாள் பார்த்திருந்தேன்.

முதல் பிரசவத்தன்று கண் விழித்ததும் 'குழந்தை எங்கே' என்று கேட்டேன். "குளிப்பாட்டறாங்கடி" என்றாள் பெரியம்மா. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது, "எங்க வூட்ல தூங்குது, இங்க ஒரே பொக" என்றாள் எதிர்வீட்டு அக்கா. மறுபடி கேட்டதற்கு, "டவுன்ல டாக்டர்கிட்ட காட்ட உங்கப்பா எடுத்துக்கினு போயிக்கீறாரு" என்றாள் அம்மா. அப்பா அப்போது கூடத்தில் இருமிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்டது. செத்துப் பிறந்த குழந்தையை யாராவது குளிப்பாட்டித் தூங்கவைப்பார்களா? அன்று எனக்கு அதை யோசிக்கத் தெம்பில்லை. பிறகு யோசிக்க விடவில்லை. அந்தச் சோற்றுத் தட்டின் முன்னால்தான் முதல் தடவையாக யோசித்தேன். அன்று எனக்கு ஒருமுறையாவது குழந்தையின் முகத்தைக் காட்டினார்களா? இல்லை. ஆணா பெண்ணா என்று சொன்னார்களா? அதுவும் இல்லை.

அன்று ராத்திரி வயிற்றில் அசைவே இல்லை. இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன், அந்தப் பக்கம் திரும்பினேன், வெல்லம் போட்டுத் தண்ணீர் குடித்தேன். ஒன்றுமில்லை. விடிந்து நாஷ்டா சாப்பிட்ட பிறகுதான் ஒரு உதை கொடுத்தது. அதற்குள் நான் பாதி செத்துவிட்டேன். அதற்கப்புறம் வந்த நாட்களெல்லாம் அப்படித்தான். மத்தியானத்தில் தெரு அடங்கியதும் எனக்குப் பயம் பிடிக்கும். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். திறந்து பார்த்தால் பாய் சுருட்டி வைத்திருக்கும், விதைக் கடலை மூட்டை இருக்கும், வேறொன்றும் இருக்காது. சாத்திவிட்டு வந்தால் மறுபடி. அழுகை இப்போது ரேடியோக் குழந்தையின் அழுகையா, என் குழந்தையின் அழுகையா என்றே பிரிக்க முடியவில்லை. பெரியம்மா பூனை என்று சொன்னதால் பூனையைக் கண்டாலும் நடுங்கினேன்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்க வந்தார். படம் காஞ்சிபுரத்தில் வந்தபோது அவர் கொட்டகையில் பார்த்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் நான் கேட்பதற்கு முன்னால் அம்மா அவரைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டுக் குசுகுசுவென்று ஏதோ சொன்னதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன்.

"அந்த ரூம்ல இன்னாங்க இருந்துச்சி?" என்று கேட்டேன்.

மனுஷன் தலையைச் சொறிந்தார். "அது வந்து... ஒரு கிளி. கொயந்த மாதிரி கத்தற கிளி."

கிளியாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கொண்டுவந்த மாம்பழத்தை அவர் மேலேயே எறிந்திருப்பேன். எழுந்து உள்ளே போய்விட்டேன். பூனை, டேப்ரிக்கார்டர், அனாதைக் குழந்தை, கிளி. இத்தனை பேர் இத்தனை பாடுபட்டு மறைக்கிறார்கள் என்றால் உள்ளே இருந்தது எவ்வளவு பயங்கரமாக இருக்க வேண்டும்? அவர் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை நான் வெளியே வரவில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். கேட்காவிட்டால் இந்தப் பிரசவத்தைத் தாண்ட மாட்டேன் என்று அதைவிடப் பயம்.

"அந்த ரூம்ல கொயந்த இருந்துச்சா, இல்லியா?"

"ஐய, அந்தப் படத்த இன்னும் உடலியா நீ? அதான் சொன்னேனே..."

"படம் கெடக்குது. நம்ம ரூம்ல. தோ, அங்க. எம்புள்ள அயுதுச்சா இல்லியா?"

அம்மா ஆய்ந்த கீரையையே திரும்பவும் ஆய்ந்தாள். தலை நிமிரவில்லை. பூனை என்று சொல்வாளோ, காற்று என்று சொல்வாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அயுதுச்சி" என்றாள். "ஒரே தபா."

ஆனி மாத வெயிலில் எனக்குப் பல் கிட்டிக்கொண்டது.

அம்மா கீரையிடமே சொல்வதுபோல் சொன்னாள். "கொடி கயுத்துல சுத்திக்கினு வந்துச்சி. ஒடம்பு பூரா நீலம். மருத்துவச்சி முதுவுல தட்டுனா, ஒரு தபா அயுதுச்சி. அப்புறம் அயுவவே இல்ல, மூச்சு மட்டும் வந்துகினு இருந்துச்சி. உனுக்கு இங்க ரத்தம் நிக்கல. கொயந்தய கையில குடுத்து, கையிலியே அது போச்சின்னா இவளும் போய்டுவான்னு மருத்துவச்சி சொல்லிட்டா. எதிர் வூட்டுக்கு எடுத்துக்கினு போய்ட்டேன்."

"கொயந்த எங்க, எங்கன்னு நான் கேட்டுக்கினே இருந்தனேம்மா."

"கேட்ட. அப்பல்லாம் உசுரோடதான் இருந்துச்சி. என் மடில வெச்சிக்கினு இருந்தேன். நீ கேட்டா வந்து உனுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போவேன். வெளக்கு வெக்கற நேரத்துக்கு அடங்கிடுச்சி."

"பொண்ணா?"

"பொண்ணு. உன் மூக்கு."

"ரெண்டு வருசமா என்ன பைத்தியம்னு சொன்னாங்களே, தாயத்து கட்னாங்களே, அப்பக்கூட உன் வாயி தொறக்கலியே!"

"அன்னிக்கி நீயும் அதுவும், ரெண்டுல ஒண்ணாவது எனுக்கு வேணும்னு இருந்துச்சிடி" என்று சொல்லிவிட்டு அம்மா அழ ஆரம்பித்தாள். "அப்புறம் சொன்னா நீ எங்கிட்ட பேசுவியான்னு பயம்."

பயம்! எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நான் அவளைத் தோளில் அடித்தேன், கீரை சிதறச் சிதற அடித்தேன். அவள் தடுக்கவில்லை. கை ஓய்ந்து போய் அவள் மடியிலேயே படுத்து அழுதேன். என் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்ற நிம்மதி ஒரு பக்கம், கூப்பிடு தூரத்தில் என் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது நான் அதைத் தொடாமல் படுத்திருந்தேன் என்ற கொடுமை ஒரு பக்கம். அதற்குப் பிறகு பல நாள் அம்மாவோடு பேசவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். அந்தப் படத்தின் முடிவை அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது.

பயம் மட்டும் போகவில்லை. முன்பு பிரமை என்ற பயம், இப்போது மறுபடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். ஆவணியில் ஒரு காலை, அதே அறையில் வலி எடுத்தது. பெரியம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் மருத்துவச்சியும் சுற்றி இருந்தார்கள். கதவைச் சாத்தித் தாழ் போடச் சொன்னேன். என்ன ஆனாலும், எப்படிப் பிறந்தாலும், என்னைக் கேட்காமல் ஒருத்தியும் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று வலிக்கு நடுவில் கத்தினேன். பெரியம்மா பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். பாசத்தில் இல்லை, எழுந்து போய்விடக் கூடாதென்று.

பிறந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கோ தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. அழுகை மாதிரிதான் இருந்தது. நம்பப் பயமாக இருந்தது. அம்மாவின் கையை நகம் பதிய இறுக்கினேன்.

"அயுவுதாம்மா?"

அம்மா குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "உனுக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ அயுவுதுடி" என்றாள்.